முற்றமும் மூலதனமும்
கூட்டுவாழ்க்கைக் கட்டடக்கலையும் உல்லாசப் பயணத்துறையும்: கொழும்பை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

1

தமிழில் கட்டடக்கலை ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் கோயிற் கட்டடக்கலை ஆராய்ச்சியாகவே இருந்து வந்துள்ளது. விமானத்தையும் கோபுரத்தையும் பற்றி எழுதப்பட்டவற்றோடு ஒப்பிடுமிடத்து, மக்கள் பிறந்து வளர்ந்து உழைத்து மாண்ட வீடுகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சொற்பமே. இக்குறை தற்செயலானதன்று. ஆளும் வர்க்கங்கள் தமது பெருமையைக் கல்லிலே பொறித்தன. உழைப்போர் மண்ணிலும் ஓலையிலும் பலகையிலும் வாழ்ந்தனர். கல் எஞ்சியது, ஆய்வாளரும் எஞ்சியதையே ஆராய்ந்தனர்.

அண்மைக் காலத்தில் இந்நிலை ஒருவாறு மாறியுள்ளது. பழைய வீடு திடீரென மதிப்புப் பெற்றுள்ளது. முற்றம், திண்ணை, தூண், ஓட்டுக்கூரை ஆகியன இன்று நாடு தோறும் பேசப்படும் பொருள்களாகியுள்ளன. ஆயின், பழைய வீட்டை முதலிற் கண்டுபிடித்தது ஆராய்ச்சி உலகம் அன்று. உல்லாசப் பயணத்துறையே அதனைக் கண்டுபிடித்தது. மரபுக் கட்டடத்தையும் நவீன வடிவமைப்பையும் இணைத்து, அவ்விணைப்பை மரபுரிமை என்ற பெயரில் விற்கும் முயற்சி சீனாவிலும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்துள்ளது. இவ்விணைப்பு அழகியல் நோக்கில் வரவேற்கத்தக்கதா என்பது ஒரு வினா. அதனிலும் அடிப்படையான வினா வேறொன்றுண்டு. கூட்டாக வாழ்ந்த மக்களின் கட்டட வடிவம் காப்பாற்றப்படும்போது, அம்மக்களின் கூட்டுவாழ்க்கைக்கு என்ன நேர்கின்றது? இக்கட்டுரையில் நாம் அவ்வினாவையே எடுத்துக்கொள்கின்றோம்.

2

சீனாவின் தென்மேற்குப் பூஜியன் பகுதியிலுள்ள தூலோ எனப்படும் மண்வீடுகளே கூட்டுவாழ்க்கைக் கட்டடக்கலைக்கு இன்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவன. 15ஆம் நூற்றாண்டு தொடக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட இத்தகைய கட்டடங்களுள் 46, 2008ஆம் ஆண்டிலே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. வட்டமாகவோ சதுரமாகவோ எழுப்பப்பட்ட தடித்த மண்சுவர். பெரும்பாலும் ஒரேயொரு வாயில். கீழ்த்தளத்தில் வெளிப்புறச் சாளரமின்மை. நடுவே திறந்த முற்றம். ஒரு குலத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர், சிலவற்றில் எண்ணூறு பேர் வரை, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர்.

இவ்வீட்டின் உட்பிரிவு கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலைக்குத்தான ஒரு கூறு உரியது. கீழே சமையலறை, அதற்கு மேலே களஞ்சியம், அதற்கும் மேலே படுக்கையறைகள். அறைகள் அளவில் ஒத்தவை. அடுப்பு தனி, கிணறும் முற்றமும் முன்னோர் வழிபாட்டு மண்டபமும் பொது. 1709இல் நிறைவுற்ற செங்சி லோ என்னும் தூலோ, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த நான்கு வட்டங்களைக் கொண்டது.

இச்சமத்துவத் தோற்றத்தைக் கண்டு ஆதிப் பொதுவுடைமையின் எச்சம் இதுவெனக் கொள்வோர் உளர். அது வரலாற்றுக்குப் பொருந்தாத கற்பனையாகும். கொள்ளையருக்கும் அயற்குலங்களுக்கும் அஞ்சி அரண் செய்துகொண்ட குல அமைப்பின் வெளிப்பாடே இவ்வடிவம். அக்குலத்தினுள் மூத்தோர் அதிகாரமும் ஆணாதிக்கமும் வேரூன்றியிருந்தன. மேலும், தூலோக்கள் பலவற்றை எழுப்பிய செல்வம் வெறும் நெல்வயலிலிருந்து வந்ததுமன்று. யொங்டிங் பகுதியின் புகையிலைத் தொழிலும் வாணிபமும் அதற்குத் துணைநின்றன. 1912இல் எழுந்த செங்செங் லோ புகையிலைத் தொழிலாற் பொருளீட்டிய குடும்பமொன்றினாற் கட்டப்பட்டது. வெளியே மரபான மண்சுவர். உள்ளே மண்டபத்தில் மேனாட்டுப் பாணித் தூண்கள். மரபையும் நவீனத்தையும் இணைத்தல் இன்றைய வடிவமைப்பாளரின் கண்டுபிடிப்பு எனக் கருதுவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். வணிக மூலதனம் உலகச் சந்தையோடு உறவு கொண்ட காலத்திலேயே அவ்விணைப்புத் தொடங்கிவிட்டது.

3

இவ்வுண்மையைத் தமிழர் வரலாற்றிற் காண விழைவோர் செட்டிநாட்டை நோக்கலாம். கானாடுகாத்தான், காரைக்குடி முதலிய ஊர்களிலுள்ள நகரத்தார் வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என முற்றங்களை அடுக்கடுக்காகக் கொண்டவை. திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சூழ்ந்த அறைகளில் ஒரு பங்கு உண்டு. மகனும் மருமகளும் தனியே உலைவைத்துக் கொள்ளும் 'வேறு வைத்தல்' என்னும் வழக்கம் அச்சமூகத்தில் நிலவியது. அடுப்புத் தனி, முற்றம் பொது என்ற தூலோவின் விதியை இங்கும் காண்கின்றோம். இரண்டுக்குமிடையே நேரடித் தொடர்பு ஏதுமில்லை. தனித்தனிக் குடும்பங்களின் கணக்கையும் குலத்தின் ஒற்றுமையையும் ஒருங்கே பேணவேண்டிய வணிகச் சமூகங்கள் ஒத்த தீர்வுகளைக் கண்டன என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

அவ்வீடுகளின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது; பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. அவற்றை வாங்கிய பணம் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டியாகவும் வாணிப இலாபமாகவும் திரண்டது. கொழும்புச் செட்டியார் தெரு இவ்வமைப்பின் முக்கிய கண்ணிகளுள் ஒன்று. பிரித்தானிய வங்கிகளிடம் நேரே கடன்பெற இயலாத சுதேச வணிகருக்கும் தோட்ட உடைமையாளருக்கும் செட்டியாரே கடன் வழங்கினர். அரிசி, புடவை வாணிபத்திலும் ஈடுபட்டனர். 1930களின் பொருளாதார மந்தமும், 1934இல் வெளிவந்த இலங்கை வங்கி ஆணைக்குழு அறிக்கையைத் தொடர்ந்து 1939இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டமையும் அவர்தம் நிலையைத் தளர்த்தின. பர்மாவில் ஏற்பட்ட பேரிழப்பு செட்டிநாட்டு வீடுகளை வெறுமையாக்கியது. பங்காளிகள் பெருகினர், பராமரிப்பார் அருகினர். தூணும் நிலையும் கதவும் பிரித்து விற்கப்பட்டன. எஞ்சியவற்றுட் சில இன்று மரபுரிமை விடுதிகள். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

இவ்விடத்து ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் தகும். செட்டிநாட்டு வளவுக்குப் பணம் அனுப்பிய இலங்கைப் பொருளாதாரம் மலையகத் தொழிலாளியின் உழைப்பில் நின்றது. அத்தொழிலாளி வாழ்ந்த இடம் லயம். குடும்பமொன்றுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஓர் அறை. லயமும் ஒருவகைக் கூட்டுக் குடியிருப்பே. குலம் தன் தேவைக்காகக் கட்டியது வளவு. மூலதனம் தன் தேவைக்காகக் கட்டியது லயம். இன்று தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் பல மரபுரிமை விடுதிகளாகியுள்ளன. லயங்கள் அவ்வாறாகவில்லை. அவற்றில் இன்னமும் மக்கள் வாழ்கின்றனர்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைந்து ஏங்குவோருக்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் காற்றையும் ஒளியையும் வழங்கிய நுட்பம் மறுக்கற்பாலதன்று. ஆயின் அம்முற்றம் எல்லோருக்கும் பொதுவாயிருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் அவ்வீட்டினுள் ஏறவும் இயலாதிருந்தனர். 1966 ஒக்ரோபரில் எழுச்சிபெற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டம் தேநீர்க்கடைகளினதும் கோயில்களினதும் வாயில்களைத் திறக்கச் செய்வதற்காகவே நடைபெற்றது. மூடிய கதவின் வரலாற்றை நீக்கிவிட்டுக் கதவின் மரவேலைப்பாட்டை மட்டும் மரபுரிமையாகக் கொள்ளுதல் வரலாற்றைப் பாதியாக்குவதாகும்.

4

இனிக் கொழும்பை நோக்குவோம். கொட்டாஞ்சேனை 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வசதி படைத்தோர் வாழ்ந்த பகுதி. 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம் இன்றும் அதன் மேட்டில் நிற்கின்றது. பொன்னம்பல முதலியார் நிறுவிப் பின்னர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயமும் அங்குள்ளது. 1869இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமையும், 1875இற் கொழும்பு அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு அது 1885இல் நிறைவுற்றமையும் இப்பகுதியின் விதியை மாற்றின. துறைமுகத் தொழிலாளரும் வண்டித் தொழிலாளரும் பண்டகசாலைத் தொழிலாளரும் குவிந்தனர். செல்வந்தர் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பெருவீடுகள் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டன. வளவுகளின் பின்புறத்தில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் எழுந்தன. கொழும்பு மக்கள் 'தோட்டம்' என்று வழங்குவது இவ்வரிசைகளையே.

தோட்டம் வறுமையின் வடிவம் என்பதில் ஐயமில்லை. ஒரு பொதுக்குழாய், சில பொது மலசலகூடங்கள், அகலங்குறைந்த நடைவழி, அதன் இருமருங்கும் ஓரறை வீடுகள். ஆயினும் அந்நடைவழியே தோட்டத்து மக்களின் முற்றம். சமையலும் சலவையும் பிள்ளைகளின் விளையாட்டும் சீட்டும் சச்சரவும் சாவீட்டுப் பந்தலும் அங்கேதான் நடைபெறும். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே குழாயடியில் நின்ற தோட்டங்கள் பல. தூலோவின் முற்றத்தைக் குலம் இணைத்தது. தோட்டத்தின் முற்றத்தை வர்க்கம் இணைத்தது.

பீஜிங் நகரத்திலும் இதனையொத்த வரலாறு ஒன்றுண்டு. ஒரு குடும்பத்துக்கென அமைந்த நாற்புற முற்ற வீடுகள், நகரத்தின் இடநெருக்கடி காரணமாகப் பல குடும்பங்களுக்குப் பகிரப்பட்டன. 1949இன் பின்னர் அப்போக்கு மேலும் விரைவுபெற்றது. முற்றத்தினுள்ளே சிறு சமையற் கொட்டில்கள் முளைத்தன. கொட்டாஞ்சேனைப் பெருவீட்டுக்கும் பீஜிங் முற்ற வீட்டுக்கும் ஏற்பட்ட மாற்றம் தோற்றத்தில் ஒன்று. உடைமை உறவில் வேறு. பீஜிங்கிற் பெரும்பாலானவற்றுக்கு அரசே வீட்டுடைமையாளராயிற்று. கொட்டாஞ்சேனையில் வாடகை வாங்கியவர் தனி உடைமையாளர்.

இந்நிலையை மாற்ற எடுக்கப்பட்ட குறிப்பிடத்தக்க சட்ட நடவடிக்கை 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமாகும். அப்போது வீடமைப்பு அமைச்சராயிருந்தவர் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன்; கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய மத்திய கொழும்புத் தொகுதியை நீண்டகாலம் பாராளுமன்றத்திற் பிரதிநிதித்துவப்படுத்தியவர். ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு அச்சட்டம் வரையறை விதித்தது. மேலதிக வீடுகள் அரசுக்கு உரியவாயின; தோட்ட வீடுகள் பலவற்றிற் குடியிருந்தோர் உடைமையுரிமை பெறும் வழி ஏற்பட்டது. வீடமைப்பு வரலாற்றில் இது ஒரு முன்னேற்றம் என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம். அதன் குறையும் மறைக்கற்பாலதன்று. வீடு குடியிருப்பவருக்குச் சென்றது. ஆனால் நடைவழியும் குழாயடியும் வடிகாலும் எவர் பொறுப்பு என்பது தெளிவுபெறவில்லை. கூட்டு முற்றத்துக்குக் கூட்டு உடைமை என்ற சட்ட வடிவம் உருவாகவில்லை.

5

நகரின் மறு எல்லையான வெள்ளவத்தை பிறிதொரு வரலாற்றைக் கூறும். செட்டியார் தெருக் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் செல்லும் ஆடிவேல் ஊர்வலம் வடகொழும்பையும் தென்கொழும்பையும் ஒரே கோட்டில் இணைப்பது. இன்று வெள்ளவத்தையைத் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் தொடர்மாடிப் பிரதேசமாகவே பலரும் அறிவர். 1983 ஜூலை வன்செயலில் அதன் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பின்னர் போரினால் இடம்பெயர்ந்தோரின் வருகையும் புலம்பெயர்ந்தோரின் பணமும் தொடர்மாடிகளை உயர்த்தின. ஆயின், வெள்ளவத்தை ஒரு தொழிலாளர் பிரதேசமாகவும் இருந்தது. அங்குள்ள நூற்பு நெசவாலையிலேதான் 1933ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் நடைபெற்றது. ஏ. ஈ. குணசிங்காவின் செல்வாக்கிலிருந்து விலகிய தொழிலாளருக்குக் கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கினார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு முன்னோடியான நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. அவ்வாலை நின்ற காணியில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் உயர்மாடித் தொகுதி எழுந்துள்ளது. இடதுசாரி இயக்கத்தின் தொட்டில்களுள் ஒன்றாகக் கருதத்தக்க இடம் மரபுரிமைப் பேச்சில் இடம்பெறுவதில்லை.

எது மரபுரிமை என்று கொள்ளப்படுகின்றது என்பதைக் கோட்டைப் பகுதியிலுள்ள ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி தெளிவுபடுத்தும். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கட்டடம் இரு முற்றங்களைச் சூழ அமைந்தது. தடித்த சுவர்களையும் நீண்ட தாழ்வாரங்களையும் உடையது. பிற்காலத்திற் பொலிஸ் நிலையமாகப் பயன்பட்டு, 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பிற் சேதமுற்றது. நகர அபிவிருத்தி அதிகார சபை அதனைத் திருத்தி 2011 டிசெம்பரில் உணவகங்களும் கடைகளும் கொண்ட தொகுதியாகத் திறந்தது. கட்டடம் அழியாது காக்கப்பட்டமை நன்றே. முற்றம் பொதுமக்களுக்குத் திறந்தும் உள்ளது. ஆயின் அங்கு அமர்ந்திருக்க வேண்டுமாயின் ஏதேனும் வாங்கவேண்டும்.

இப்பணி நடைபெற்ற அதே ஆண்டுகளில் அதே அதிகார சபை, 2010 தொடக்கம் பாதுகாப்பு அமைச்சின்கீழ் இயங்கியவாறு, தோட்டங்களை அகற்றும் திட்டத்தையும் முன்னெடுத்தது. 2010 மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் படையினரின் முன்னிலையில் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 68,000 குடும்பங்களை உயர்மாடிகளுக்கு மாற்றி, அவர்கள் வாழ்ந்த நிலத்தை விடுவிப்பது திட்டத்தின் நோக்கம். இரண்டையும் ஒருசேர நோக்கினாலன்றி உண்மை புலப்படாது. ஆட்கள் இல்லாத முற்றம் மரபுரிமையாகக் காக்கப்பட்டது; ஆட்கள் வாழ்ந்த முற்றம் சேரியென அகற்றப்பட்டது. உயர்மாடியில் மலசலகூடமும் குழாய்நீரும் வீட்டினுள்ளே கிடைத்தன; அதனை இழிவாகப் பேசுவதற்கு எமக்கு உரிமையில்லை. ஆனால் வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாசல் இல்லை.

6

இலங்கைக் கட்டடக்கலைஞர் முற்றத்தை மறந்தவரல்லர். ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் அல்பிரட் பிளேசில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு, நகரத்துச் சிறு காணியில் முற்றத்தை மீட்டெடுத்த முன்மாதிரி. அவ்வீடு பின்னர் கல் கல்லாகக் கழற்றப்பட்டுப் பெந்தோட்டையிலுள்ள லுணுகங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கொழும்பு நிலத்தின் விலை அம்முற்றத்தைத் தாங்கவில்லை. பாவாவின் சொந்த வீடு மேலும் சிந்திக்கத்தக்கது. 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை 1958இலிருந்து பத்தாண்டுக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, அவற்றை ஒரே வீடாக்கினார். இன்று அது பார்வையாளருக்கும் தங்குவோருக்கும் திறக்கப்பட்டுள்ளது. அதன் அழகை நாமும் வியக்கின்றோம். நான்கு குடும்பங்களின் வீடுகள் ஒருவரின் வீடானமையே அவ்வழகின் பொருளியல் முன்நிபந்தனை என்பதையும் காண்கின்றோம்.

இதற்கு மாறான வழியொன்றும் இந்நாட்டிலேயே தோன்றியது. மினெற் டி சில்வா 1950களின் பிற்பகுதியிற் கண்டி வட்டபுளுவையில் அரசாங்க ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடியிருக்கப் போவோரின் தேவைகளையும் வழக்கங்களையும் வசதியையும் முன்கூட்டியே கேட்டறிந்து அவற்றுக்கேற்ப வீட்டு வகைகளை அமைத்தார். மரபும் நவீனமும் இங்கும் இணைந்தன. இணைப்பின் மையத்தில் நின்றவர் விருந்தினர் அல்லர், குடியிருப்போர்.

சீன அனுபவமும் இவ்விரு வழிகளையும் காட்டுகின்றது. ஷங்ஹாயில் 2001இல் திறக்கப்பட்ட சின்தியந்தி, ஒழுங்கை வீடுகளின் செங்கற் சுவரையும் கல் நிலைகளையும் வைத்துக்கொண்டு உள்ளே உணவகங்களையும் கடைகளையும் நிரப்பியது. குடியிருந்தோர் வேறிடம் அனுப்பப்பட்டனர். சீனப் பொதுவுடைமைக் கட்சியின் முதலாவது மாநாடு 1921இற் கூடிய வீடு அதன் அருகிலேயே நினைவுச்சாலையாக நிற்கின்றது. பீஜிங்கின் ஜூஅர் ஒழுங்கையிற் பேராசிரியர் வூ லியாங்யொங் 1990ஐ ஒட்டி எழுப்பிய புதிய முற்ற வீடுகள், இரண்டு மூன்று மாடிகளோடு பழைய முற்றத்தைக் கூட்டுக் குடியிருப்புக்கு ஏற்ப மாற்றியமைத்தன. வடிவம் வெற்றி பெற்றது. எனினும் விலை காரணமாக முன்பு வாழ்ந்தோருட் சிறுபான்மையினரே திரும்பினர். குவாங்சோ நகரெல்லையில் 2008இல் நிறைவுற்ற தூலோ வடிவக் குடியிருப்பு, இடம்பெயர்ந்து வந்த குறைந்த வருமானத் தொழிலாளருக்காக வட்ட முற்றத்தைப் பயன்படுத்தியது. பூஜியனின் சியாஷி கிராமத்திற் கட்டடக்கலைஞர் லி சியாவ்டொங் இரு பழைய தூலோக்களுக்கிடையே ஓடும் நீரோடையின்மேல் பாலமாகவே ஒரு பாடசாலையை அமைத்தார். 2010இல் அதற்கு ஆகாகான் கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. பழைய கட்டடத்தை விடுதியாக்காமலே அதனை ஊரின் வாழ்வோடு பிணைக்க முடியும் என்பதற்கு இப்பள்ளி சான்று.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. கூட்டுவாழ்க்கைக் கட்டடம் தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. அது குறித்த உற்பத்தி உறவுகளின் வடிவம். அவ்வுறவுகள் அழிந்த பின்னர் எஞ்சும் வடிவத்தைச் சந்தை கைப்பற்றும்போது, வாழ்வதற்காக அமைந்த முற்றம் பார்ப்பதற்கான பண்டமாகின்றது. இதனால் உல்லாசப் பயணத்துறையை முற்றாக நிராகரிக்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. 1966இன் உல்லாசப் பயணச் சபைச் சட்டத்திலிருந்து இத்துறை இலங்கைப் பொருளாதாரத்தின் ஓர் அங்கமாகவே வளர்ந்துள்ளது. பலருக்கு ஊதியம் தருகின்றது. ஆனால் மரபுரிமைத் திட்டம் ஒன்றை மதிப்பிடும்போது சுவரின் காரையையும் ஓட்டின் நிறத்தையும் மட்டும் சோதிப்பது போதாது. அங்கு முன்பு வாழ்ந்தவர் இன்று எங்கே உள்ளார், அவருக்கு அக்கட்டடத்தில் உரிமை உண்டா, வருவாயில் அவர் பெறுவது என்ன என்று கேட்டல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் எஞ்சியுள்ள தோட்டங்களையும் பிரிக்கப்பட்ட பெருவீடுகளையும் பொறுத்தவரை இவ்வினாக்கள் அவசரமானவை. குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நிலத்தின் உரிமையை வழங்கி, நடைவழியைப் பொதுச் சொத்தாகப் பதிவுசெய்து, அவ்விடத்திலேயே இரண்டு மூன்று மாடிகளாகத் திருத்தியமைப்பது இயலாத கற்பனையன்று. 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீடுகள் திட்டத்தில், குடியிருப்போர் தாமே பங்குகொண்டு இருந்த இடத்திலேயே வீட்டைத் திருத்திய அனுபவம் இந்நகருக்கு உண்டு.

ஆய்வாளருக்கும் இதிற் பங்குண்டு. ஒல்லாந்தர் கட்டடங்களின் தளப்படங்கள் அச்சிலுள்ளன. கொட்டாஞ்சேனைத் தோட்டம் ஒன்றின் தளப்படத்தை வரைந்து, குழாயடி எங்கே, பந்தல் எங்கே போடப்பட்டது, எந்த வீட்டில் எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்று குறித்து வைப்பது பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று சில மாதங்களிற் செய்யக்கூடிய வேலை. நாளை அத்தோட்டம் இடிக்கப்படுமாயின் நட்டஈட்டு வழக்கிற்கு அப்படம் சான்றாகும். இடிக்கப்படாது காக்கப்படுமாயின் திருத்தியமைப்பதற்கு அதுவே அடிப்படையாகும். அவ்வேலையைத் தமிழ்ச் சங்கங்கள் இப்போதே தொடங்குதல் வேண்டும்.